தொகுப்பு வீடுகளின் கூரைப் பழுதும் மின்செலவும்: ஒரே வேலையாகச் செய்ய வழி உண்டா?

உப்பளக்கரை

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யம் பக்கம் கடலை ஒட்டிய ஓர் ஊராட்சியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு மாதங்களாகத் தொகுப்பு வீடுகளைக் கணக்கெடுத்து வருகிறோம். 1990களில் கட்டித் தரப்பட்ட நாற்பத்தொரு வீடுகளில் இருபத்தெட்டில் கூரையின் அடிப்புறக் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. ஒரு வீட்டில் கட்டிலை நடுவிலிருந்து சுவரோரம் நகர்த்தி ஆறு வருடம் ஆகிறதாம். கட்டில் இருந்த இடத்தில் விழும் காரையைக் கூட்டி அள்ளுவதற்கென்றே ஒரு பழைய முறம் மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

உதவி இல்லாமல் இல்லை. மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. 2000-2001க்கு முன் கட்டப்பட்ட ஊரக வீடுகளில் இரண்டரை இலட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது நீக்குவதாக மாநில அரசு 2024இல் அறிவித்த திட்டத்தில் எங்கள் ஊராட்சியின் சில வீடுகள் இடம்பெற்றுள்ளன. ஒரு தனியார் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளும் எல்.இ.டி. விளக்குகளும் தருகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள், மொட்டை மாடிக்கு அடிக்கும் வெப்பத்தடுப்பு வெள்ளை வண்ணத்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், தனிப் பட்டியல், தனிக் கெடு. மூன்று பட்டியலிலும் உள்ள வீடுகள் ஒன்பதுதான். வண்ணத்துக்குப் பணம் தந்தவர்கள் கோடைக்கு முன்பே அடித்து முடித்துப் படம் அனுப்பச் சொல்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்தில் மதிப்பீடு போடவே ஜூன் ஆகிவிடும் என்கிறார்கள்.

எதை முதலில் செய்வது, எதை நிறுத்தி வைப்பது, இந்த மூன்று உதவிகளையும் யார் கையில் ஒன்றுசேர்ப்பது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஓவர்சியர் (ஓய்வு)

தம்பி, வண்ண டப்பாவை இப்போது திறக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து வீடுகளில் கம்பிக்குக் கீழே இருக்க வேண்டிய காங்கிரீட் கனம் பல இடங்களில் இருக்காது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கை வைக்காமல், கம்பியை வார்ப்புப் பலகையின் மேலேயே படுக்கவிட்டு ஊற்றியிருப்பார்கள். கடலோரத்தில் இன்னொரு வினையும் சேர்ந்துகொள்ளும்: கலவைக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தியிருப்பார்கள். கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் காரை பிளந்து விழுகிறது. ஆகவே விழுந்த இடத்தை மட்டும் பார்த்து மதிப்பீடு போட்டால், அடுத்த இடம் அடுத்த மழையில் விழும்.

ஒரு சுத்தியலும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள். கூரையின் அடிப்புறத்தை ஒரு அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல காங்கிரீட் கணீரென்று சொல்லும். பிரிந்து நிற்கும் இடம் காலிப் பானையைத் தட்டியது போலப் பொத்தென்று ஒலிக்கும். அந்த எல்லையைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் பழுதைவிட வட்டத்துக்குள் வரும் பரப்பு இரண்டு மூன்று மடங்கு இருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தட்டும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள்.

பிறகு வேலை. பிரிந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் தெரியும்வரை போக வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, கம்பி மெலிந்துபோன இடத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டி, அதன் பிறகே பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். துருவின் மேலேயே சிமெண்டைப் பூசி வெள்ளையடித்துவிட்டுப் போனால் பில் பாஸாகும். இரண்டு மழைக்காலம் தாண்டாது.

அடிப்புறம் முடிந்த பிறகு மேல்தளம். விரிசல், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தண்ணீர் வெளியேறும் குழாய்வாய் ஆகிய மூன்றையும் அடைத்த பிறகு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. அதற்கும் மேலேதான் உங்கள் வெள்ளை வண்ணம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், மேலே விரிசலை வெட்டித் திறக்கும்போது வெளிநாட்டிலிருந்து வந்த பணம் உளிக்கு முன்னால் பொடியாக உதிரும்.

இன்னொன்று. ஊரில் யாராவது வெயிலுக்குச் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்) போட்டு, அதன் மேல் தட்டை ஓடு பதிக்கலாம் என்று சொல்வார்கள். நல்ல கூரைக்கு அது அருமையான வேலை. ஆனால் மூன்று அங்குலச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டால் சதுர அடிக்குப் பன்னிரண்டு கிலோ அளவுக்குச் சுமை ஏறும். முந்நூறு சதுர அடிக்கு மூன்றரை டன். கம்பி மெலிந்த கூரையின் மேல் அந்தச் சுமையை ஏற்ற எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடக் கூடாது. உங்கள் வீடுகளுக்கு எடையில்லாத வெள்ளைப் பூச்சுதான் சரி.

அலகுக்கணக்கு

ஓவர்சியர் ஐயா சொன்ன வரிசையோடு முழுமையாக உடன்படுகிறேன். மின்சாரப் பக்கத்திலிருந்து ஒரு கணக்கைச் சேர்க்கிறேன், ஏனென்றால் நன்கொடையாளரிடம் பேசும்போது இது தேவைப்படும்.

பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் எடுக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் 54 யூனிட். பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் என்று கொண்டால் அதே ஓட்டத்துக்கு 22 யூனிட்டுக்குள் முடியும். இரண்டு விசிறி, ஒரு தொலைக்காட்சி, மூன்று எல்.இ.டி. விளக்கு உள்ள வீட்டுக்கு இப்போது ஏறக்குறைய 133 யூனிட் வருகிறது என்றால், விசிறிகளை மாற்றிய பிறகு 68க்கு இறங்கும். மிச்சம் 65 யூனிட்.

அந்த 65 யாருடைய மிச்சம் என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை 2016ஆம் ஆண்டிலிருந்து கட்டணம் இல்லை. ஆகவே 133இலிருந்து 100 வரையிலான 33 யூனிட்டுக்கான பணம் மட்டுமே அந்தக் குடும்பத்துக்கு மிச்சம். 100க்குக் கீழே குறைந்த 32 யூனிட்டுக்கான தொகை மானியம் தரும் அரசுக்கு மிச்சம். ஏற்கெனவே 100க்குள் இருக்கும் குடும்பத்துக்கோ கையில் ஒரு பைசாவும் மிஞ்சாது. ஏழை வீட்டில் சேமிக்கப்படும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அரசின் கணக்கில் சேருகிறது என்றால், அந்த வீட்டின் கூரைச் செலவில் பங்கு கேட்பது தர்மம் கேட்பதாகாது, நியாயமான கோரிக்கையாகும் என்பது என் கருத்து.

வெள்ளைக் கூரையின் பயன் மீட்டரில் தெரியவே தெரியாது. பழுப்பேறிய காங்கிரீட் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை; புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு ஐந்தில் நான்கு பங்கு வரை திருப்பி அனுப்பும். ஆனால் குளிர்சாதனம் இல்லாத வீட்டில் அதனால் யூனிட் குறையாது. இரவு பத்து மணிக்குக் கூரை உமிழும் சூடு குறையும், உறக்கம் வரும். யூனிட்டைக் கணக்கிட்டே நிதி தரும் நிறுவனம் இதைப் பூஜ்யம் என்று எழுதிவிடும். எனவே வண்ணம் அடித்த ஒரு வீட்டிலும் அடிக்காத பக்கத்து வீட்டிலும் ஆளுக்கொரு சாதாரண வெப்பமானியைக் கூரைக்கு ஒரு முழம் கீழே தொங்கவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் குறித்து வையுங்கள்.

கடைசியாக, விசிறியை மாட்டுவதற்கு முன் கொக்கியைப் பாருங்கள். கொக்கி பிடித்திருப்பதும் அதே துருப்பிடித்த கம்பியைத்தான்.

கூட்டமைப்புச் செயலர்

எங்கள் ஊராட்சியில் மகளிர் குழுக் கூட்டமைப்பின் செயலராக ஒன்பது ஆண்டுகள் இருக்கிறேன். ஐயாமார் இருவரும் சொல்வது பொறியியல்படி சரியாக இருக்கலாம். ஆனால் ‘கூரை முடியட்டும், பிறகு விசிறி’ என்று நிறுவனத்திடம் சொன்னால், மார்ச் மாதத்தோடு அவர்களுடைய நிதியாண்டு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு அவர்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள். வந்த பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கூரைக்காகக் காத்திருந்து, கடைசியில் இரண்டும் கிடைக்காமல் போன வீடுகளை எனக்குத் தெரியும். பொருளை வாங்கி ஊராட்சிக் கட்டடத்தில் பூட்டி வைக்கலாம் என்றால், பயனாளி கையில் கொடுக்கும் படம் இல்லாமல் கணக்கு முடியாது என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒன்றியத்திலிருந்து ஒருவர், நிறுவனத்திலிருந்து ஒருவர், வண்ணக் கடையிலிருந்து ஒருவர், பிறகு சரிபார்க்க இன்னொருவர் என்று நான்கு முறை வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த வீட்டுப் பெண் நூறு நாள் வேலைக்கோ உப்பளத்துக்கோ போகாமல் காத்திருக்க வேண்டும். அவர்களோ சொன்ன நாளில் வருவதில்லை. நான்கு நாள் கூலி போன பிறகு கிடைக்கும் விசிறியை இலவசம் என்று எப்படிச் சொல்வது?

கஜா புயலுக்குப் பிறகு 2018 நவம்பரில் எங்கள் தெருவில் நடந்ததும் இதுதான். தார்ப்பாய் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் சாலையோரத்து வீடுகளுக்கே கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மூன்று; பின்தெருவில் ஒன்றுகூட இல்லை. கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரிடமும் அடுத்தவருடைய பட்டியல் இல்லை, அவ்வளவுதான்.

டெலவேர் ஆற்றங்கரை

நான் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வீடுகளின் எரிசக்தித் தணிக்கை செய்யும் வேலையில் இருக்கிறேன். உங்கள் இழையைப் படித்தபோது, குளிர் நாட்டில் நாங்கள் நாள்தோறும் முட்டிக்கொள்ளும் அதே சுவர் அங்கேயும் நிற்பது தெரிந்தது.

இங்கே ஏழைக் குடும்பங்களின் வீடுகளில் காற்றுக் கசிவை அடைத்து, வெப்பக்காப்பு போட்டுத் தரும் வெதரைசேஷன் திட்டம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நடக்கிறது. நான் வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி, எந்த இடுக்கில் காற்று நுழைகிறது என்று அளப்பேன். ஆனால் அதற்கு முன்பே கூரை ஒழுகினாலோ, சுவரில் பூஞ்சை பிடித்திருந்தாலோ, நூறு வருடத்துப் பழைய வயரிங் இருந்தாலோ வேலையை நிறுத்திவிட்டுத் ‘தள்ளிவைக்கப்பட்டது’ என்று எழுதித் திரும்ப வேண்டும். ஒழுகும் கூரையின் கீழே வெப்பக்காப்புப் பஞ்சைத் திணித்தால் அது ஊறி அழுகும் என்பதால் விதி சரியானதுதான். ஆனால் எரிசக்திக்கு ஒதுக்கிய பணத்தைக் கொண்டு கூரையை முழுதாக மாற்ற அந்தத் திட்டம் இடம் தருவதில்லை. அதனால் உதவி அதிகம் தேவைப்படும் மிக மோசமான வீடுகளே முதலில் கழிக்கப்படுகின்றன. அப்படி எழுதிவிட்டு இறங்கும்போது அந்த வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பது இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி.

இந்தப் பள்ளத்தை அடைக்கவே 2022இல் பென்சில்வேனியா மாநிலம் 12.5 கோடி டாலரில் முழுவீட்டுப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு வீட்டுக்கு 50,000 டாலர் வரை கிடைத்தது. நாங்கள் கழித்த வீட்டைச் செப்பனிட்டு மறுபடி எரிசக்தித் திட்டத்துக்குத் தகுதியாக்க முடிந்தது. விண்ணப்பங்கள் குவிந்து பல கவுண்டிகளில் (இங்கத்து மாவட்டங்களில்) காத்திருப்போர் பட்டியல் நீண்டதும் உண்மை. அதே காலத்தில் பிலடெல்பியா எரிசக்தி ஆணையம் ‘பில்ட் டு லாஸ்ட்’ என்ற பெயரில் வேறொன்றைத் தொடங்கியது. அதில் பணத்தைவிட என்னைக் கவர்ந்தது நடைமுறைதான். குடும்பம் ஒரு முறைதான் விண்ணப்பிக்கிறது; எந்தச் செலவு எந்தத் திட்டத்தின் கணக்கில் போகும் என்று பிரிக்கும் தலைவலி ஒருங்கிணைப்பவருடையது.

உங்கள் ஊரில் தேவைப்படுவதும் அந்தத் தலைவலியை ஏற்றுக்கொள்ளும் ஒருவர்தான். செயலர் அம்மா சொன்ன நான்கு வருகைகளை ஒன்றாக்க முடிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பட்டாப் புத்தகம்

எல்லோரும் கூரையிலேயே நிற்கிறீர்கள். கூரைக்குப் போகும் ஏணி பட்டாவில் ஆரம்பிக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் வீடு யார் பெயரில் ஒதுக்கப்பட்டதோ அவரில் பலர் இன்று இல்லை. வாரிசுகளில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் சென்னையில் இருப்பார்கள். குடியிருப்பவர் விதவை மருமகளாக இருப்பார். பழுது நீக்கத் தொகை வந்து, காகிதம் சரியில்லை என்று திரும்பிய வீடு எங்கள் ஒன்றியத்தில் உண்டு. ஆகவே உங்கள் கணக்கெடுப்பில் முதல் கேள்வி கூரையைப் பற்றியதாக இல்லாமல், வீடு யார் பெயரில் இருக்கிறது, அவர் இருக்கிறாரா என்பதாக இருக்கட்டும். வாரிசுச் சான்றுக்கு எடுக்கும் மாதங்களில் மற்ற வேலைகள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஏதாவது ஒன்றில் குடியிருப்பவரின் பெயரைத் தீர்மானத்தில் ஏற்றிவிட்டால் பின்னால் சண்டை குறையும்.

உப்பளக்கரை

அனைவருக்கும் நன்றி. ஓவர்சியர் ஐயா சொன்னபடி நேற்று ஆறு வீடுகளில் தட்டிப் பார்த்தோம். வெளியே பழுதே தெரியாத ஒரு வீட்டில், தொட்டில் கட்டும் கொக்கியைச் சுற்றி ஒரு முறம் அகலத்துக்குப் பொத்தென்று ஒலித்தது. தொட்டிலை அன்றைக்கே வேப்பமரத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு வந்தோம்.

இரண்டு சந்தேகங்கள். கூரையே தாங்காது என்று தெரிந்த வீட்டில் வேறு எதையும் செய்யாமல் விடுவதா? செயலர் அக்கா சொல்வது போல, நிறுவனத்தின் கெடுவுக்குள் விசிறியை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எங்கே மாட்டுவது?

ஓவர்சியர் (ஓய்வு)

தாங்காத கூரையில் பழுது பார்ப்பது பணத்துக்குக் கேடு. பழுது நீக்க முடியாத பழைய வீடுகளில் 25,000 வீடுகளை 600 கோடி ரூபாயில் மறுபடி கட்டித் தருவதாக 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அந்த வீடுகளைப் பழுதுப் பட்டியலில் அடைத்து வைக்காமல், சுத்தியல் தட்டிய படத்தோடும் ஒன்றியப் பொறியாளரின் குறிப்போடும் அந்தப் பட்டியலுக்கு அனுப்புங்கள். சிறு தொகையை வாங்கிப் பூசிவிட்டால், ‘ஏற்கெனவே உதவி பெற்ற வீடு’ என்று புது வீடு தட்டிப்போகும். இதைக் குடும்பத்திடம் முன்கூட்டியே விளக்க வேண்டும். கையில் வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லவைப்பது எளிதான காரியம் இல்லை.

விசிறிக்கு: கொக்கி பலமில்லாத வீட்டுக்குச் சுவரில் மாட்டும் விசிறியையோ மேசை விசிறியையோ கேளுங்கள். கூரை முடிந்ததும் இடம் மாறுவதிலும் தொல்லை இல்லை.

அலகுக்கணக்கு

அதோடு, கூரை எப்படியிருந்தாலும் காத்திருக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒழுகும் தளத்துக்குள் ஓடும் வயரிங் குழாயில் மழைத்தண்ணீர் இறங்கினால், சுவிட்சைத் தொடும்போது ஷாக் அடிக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மீட்டருக்கு அடுத்தபடியாக மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கருவி ஒன்றைப் பொருத்துங்கள். யூனிட்டைச் சேமிக்காத பொருள் என்று நிறுவனம் தயங்கினால், விளக்குகளில் இரண்டைக் குறைத்துக்கொண்டாவது இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டோடு ஐந்து சூரிய விளக்குகள் தந்தார்கள், நல்ல எண்ணம்தான். பேட்டரி தீர்ந்த பிறகு யார் மாற்றுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால், எங்கள் பக்கத்தில் அந்தப் பலகைகள் பல இன்று வடகம் காயவைக்கும் தட்டாகிவிட்டன. எதைக் கொடுத்தாலும் அதைப் பழுது பார்ப்பவரின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டமைப்புச் செயலர்

இவ்வளவும் பேசிய பிறகு, யார் கையில் ஒன்றுசேர்ப்பது என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரி மாறுவார், நிறுவனம் போய்விடும், தன்னார்வலர்களான நீங்கள் வேலை கிடைத்தால் வெளியூர் போவீர்கள், அதில் தவறில்லை. ஊரைவிட்டுப் போகாமல் இருப்பது எங்கள் கூட்டமைப்புதான். மாதக் கூட்டமும் பதிவேடும் வங்கிக் கணக்கும் எங்களிடம் ஏற்கெனவே உண்டு. வீட்டுக்கு ஒரு பக்கமாக ஒரே பதிவேடு போடுகிறோம். பட்டா யார் பெயரில், கூரையில் வட்டமிட்ட பரப்பு எவ்வளவு, கொக்கி எப்படி, எர்த் உண்டா, மின்கட்டண அட்டையில் கடைசி ஆறு ரீடிங் என்ன, இதுவரை யார் எதைக் கொடுத்தார்கள் என்று எழுதி, குடும்பத் தலைவியின் கையெழுத்தோடு வைத்துக்கொள்கிறோம். யார் உதவ வந்தாலும் வீட்டுக்குப் போவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்க்கட்டும். மூன்று பேரும் ஒரே நாளில் வந்து பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமையைக் கேளுங்கள். அன்றைக்கு உப்பளம் கிடையாது.

எனக்கு ஒரு நிபந்தனை. எந்த வீடு முதலில் என்பதைக் கிராம சபையில் எல்லோர் முன்னும் படிக்க வேண்டும். என் நாத்தனார் வீடும் அந்த நாற்பத்தொன்றில் இருக்கிறது.

உப்பளக்கரை

ஒப்புக்கொள்கிறோம் அக்கா. வண்ணத்துக்குப் பணம் அனுப்பியவர்களிடம் நேற்றிரவு பேசினோம். ஓவர்சியர் ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினோம். இந்தக் கோடைக்குள், தொட்டில் வீடு போக, வெளியே பழுது தெரியாத பன்னிரண்டு வீடுகளுக்கு மட்டும் வண்ணம் அடித்துக்கொள்ளவும், மீதிப் பணத்தைக் கூட்டமைப்பின் கணக்கில் அடுத்த ஜனவரி வரை வைத்திருக்கவும் சம்மதித்துவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டே அடிப்போம். தொட்டில் வீடும் முதலில் பழுதில்லாத கணக்கில்தான் இருந்தது. நிறுவனத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. முதல் ஞாயிறு வரும் வாரம். ஓவர்சியர் ஐயாவால் ஒரு நாள் வர முடியுமா? ஏணி எங்களிடம் இருக்கிறது, பேருந்துச் செலவு எங்களுடையது.

ஓவர்சியர் (ஓய்வு)

வருகிறேன். பேருந்துச் செலவு வேண்டாம். சுத்தியல் இரண்டு வையுங்கள், ஒன்றின் பிடி எப்போதும் கழன்றுவிடும்.